கோவில் திறப்பு யாரிடம்?

சில மாதங்களுக்கு முன், வன்னியில் மீளக்குடியேறிய கிராமமொன்றின் மக்கள் எம்மை ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தனர். கிடுகால் வேய்ந்த கொட்டிலொன்றில் கூட்டம் நடந்தது. காட்டுத்தடியிற் கப்பு, பனஞ்சலாகை, இடுப்பளவுக்கு மண்சுவர். அதுவே அவர்களது ஆலயம். பேசவேண்டிய விடயம் ஒன்றுதான். கொட்டிலை அகற்றிவிட்டு அவ்விடத்தில் சீமெந்தினால் ஒரு பெரிய கோவில் கட்டவேண்டும். வெளிநாடுகளில் இருக்கும் ஊரவர் ஒரு பங்கு தருவர். மிகுதியை நாம் எங்காவது பெற்றுத் தரவேண்டும். வரைபடமும் தயாராக இருந்தது. அறுபது அடி நீளம், இரண்டு கோபுரம். கிராமத்தில் இருப்பதோ முப்பத்தைந்து குடும்பங்கள். அவற்றுள் ஒன்பது குடும்பங்களின் வயற்காணி இன்னும் கைக்கு வரவில்லை.

நாம் தயங்குவதைக் கண்ட முதியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சுவாமி, இவ்வளவு பாடுபட்டு வந்த பிறகும் மாதாவைக் கொட்டிலிலேயோ வைச்சிருக்கிறது?"

அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில், முன்னர் படித்த ஒரு கோவிலின் வரலாறு நினைவுக்கு வந்தது. முழுவதும் மரத்தாலான ஒரு சிறு கிராமக் கோவில். அது எம் நாட்டில் இல்லை. உலகின் மறுபுறத்தில், தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சிலி நாட்டைச் சேர்ந்த சிலோயே என்னும் தீவுக்கூட்டத்தில் உள்ளது. நாம் அங்கு போனவர்கள் அல்லர், படித்ததையே சொல்கிறோம். அவ்வளவு தூரத்துக் கதை எமக்கெதற்கு என்று வாசகர் கேட்கலாம். சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறோம்.

சிலோயே மக்களும் எம்மவர் போல் தோட்டஞ் செய்பவரும் கடற்றொழில் செய்பவருமே. ஆண்டின் பெரும்பகுதி அங்கு மழை. அவர்களது முதற் பயிர் உருளைக்கிழங்கு. வலிகாமத்துத் தோட்டங்களில் உருளைக்கிழங்கு நட்ட எம் வாசகர் ஒரு செய்தியை அறிந்தால் மகிழ்வர்: இன்று உலகெங்கும் பயிராகும் கிழங்கு இனங்களிற் பெரும்பாலானவை, சிலோயேயை உள்ளடக்கிய தென் சிலிப் பகுதிக் கிழங்கின் வழிவந்தவை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகவே அந்தத் தீவார் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

அத்தீவுகளில் ஒன்று கின்சாவோ. அதன் கரையிலுள்ள அச்சாவோ என்னும் சிற்றூரில் லொறேற்றோ மாதா கோவில் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில், யேசு சபைக் குருக்களின் காலத்தில் கட்டப்பட்டது. சிலோயேயில் இன்று எஞ்சியுள்ள மரக்கோவில்களுள் மிகப் பழையது இதுவே. நிலத்தின் ஈரம் ஏறாதபடி கல் வைத்து, அதன்மேல் மரச்சட்டம் நிறுத்தி, பலகை அடித்துச் சுவர் எழுப்பினர். கூரைக்கும் வெளிச்சுவருக்கும் ஓடுபோற் சிறிதாகக் கீறிய மரத்தகடுகள். நடுக்கூடத்தின் உட்கூரை வளைந்து, செதுக்கு வேலைப்பாடுகளுடன் இருக்கும். இரும்பு அங்கு அரிது, கிடைத்தாலும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஆகவே ஆணிக்குப் பதிலாக மரமுளை அடித்தே பொருத்துகளை இறுக்கினர். வேலை செய்தவர்கள் படகு கட்டிப் பழகிய கைகளையுடையவர்கள். தோணியைக் கட்டுபவன் கோவில் கட்டினால் எப்படியிருக்குமோ அப்படியே இருக்கிறது கூரை. கவிழ்த்து வைத்த தோணி!

அலேர்சே, சைப்பிரசு முதலிய மரங்களே அவர்களுக்குக் கைகொடுத்தன. அலேர்சே மிக மெதுவாக வளரும் மரம். 3,000 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மரங்களையும் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். 1976 முதல் உயிருள்ள அலேர்சேயை வெட்டுவதை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் மரம் எவ்வளவு உறுதியானதாயினும், அந்த மழையில் தானாக இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நிற்காது. இங்குதான் கதையின் உட்பொருள் இருக்கிறது.

யேசு சபையார் 1608 இல் சிலோயேக்கு வந்தனர். குருக்கள் சிலர், தீவுகளோ பல. எனவே அவர்கள் ஒரு வழி கண்டனர். வசந்தம் தொடங்கும் செப்ரெம்பரில் கஸ்த்ரோ பட்டினத்திலிருந்து இருவர் புறப்படுவர். பலகைகளை நாரினால் தைத்த தல்கா என்னும் தோணியில், தீவு தீவாகச் சென்று, மாரிக்கு முன் திரும்புவர். ஓர் ஊரில் அவர்கள் தங்குவது இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே. ஆண்டு முழுவதற்கும் அவ்வளவுதான்! தோணியில் அவர்கள் கொண்டுசென்ற சுரூபங்களுள் இருவர் பயிர்ச்செய்கையுடன் தொடர்புடையவர்கள். ஒருவர் உழவரான புனித இசிதோர். மற்றவர் கையில் அரிவாளுடன் நிற்கும் புனித நொற்பூர்கா. பண்ணையில் வேலைக்காரியாக இருந்தவர். மணமான ஆண்கள் இசிதோரையும், மணமான பெண்கள் நொற்பூர்காவையும் ஏந்திச் செல்வர். அரிவு வெட்டிய பெண்ணொருத்தியைப் பீடத்தில் வைத்து வணங்கியவர்களை எமக்குப் பிடிக்கிறது.

குரு போனபின் மிகுதி நாட்களில் கோவில் யாரிடம்? ஊருக்கு ஒருவராகத் தெரிவுசெய்யப்பட்ட பொதுநிலையினரிடம். அவர்களுக்குப் பிஸ்கால் என்று பெயர். ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபிப்பிப்பவர் அவர். பிள்ளைகளுக்கு ஞானபாடம் படிப்பிப்பதும், சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், நோயாளியின் பக்கத்தில் இருந்து செபிப்பதும், இறந்தவரை அடக்குவதும் அவரே. கட்டிடத்தையும் திறப்பையும் பார்த்துக்கொள்ள வேறொருவர்; அவரைப் பத்ரோன் என்பர். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். தமது கிழங்குத் தோட்டத்தைக் கொத்திவிட்டு வந்து கோவிலைக் கூட்டுபவர்கள்.

1767 இல் ஸ்பானிய அரசர் மூன்றாம் கார்லோஸ் தமது ஆட்சிக்குட்பட்ட நாடுகள் எங்கணுமிருந்து யேசு சபையாரை வெளியேற்றினார். சிலோயே குருக்களும் கப்பலேற்றப்பட்டனர். பிரான்சிஸ்கன் சபையார் வந்து பணியைத் தொடரச் சில ஆண்டுகள் சென்றன. வந்தவர்களும் சிலரே. கட்டியவர் போனபின் கோவில்கள் இடிந்து மண்ணாகியிருக்க வேண்டுமல்லவா? ஆகவில்லை. அவர்கள் காலத்துக்குப் பின்னரே இன்னும் பல கோவில்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கோவில்கள் இருந்தன. குரு வந்தாலும் வராவிட்டாலும் பிஸ்கால் மணியடித்தார். பத்ரோன் ஒழுக்குப் பார்த்தார்.

எமது மூதாதையருக்கு இது புதுமையான செய்தியன்று. 1643 இல் சிலோயேயின் கஸ்த்ரோ பட்டினத்தைத் தாக்கிய ஒல்லாந்தப் படைக்குத் தலைவராயிருந்த ஹென்றிக் பிறவுவர், அதற்குச் சில ஆண்டுகள் முன் பத்தாவியாவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் நாயகமாக இருந்தவர். அதே கம்பனிதான் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்தியது. 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், எமது ஊர்களில் செபமாலையைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் யார்? தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் அவர்களது தாய்மாருமே. மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்ற குடும்பங்களே மருதமடுவின் தொடக்கம் என்பது எம் மரபு. வாஸ் அடிகளும் பின்வந்தவர்களும் ஊருக்கொரு மூப்பரையும் அண்ணாவியாரையும் நம்பியே பணியாற்றினர். 2015 இல் வாஸ் அடிகள் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமெல்லாம் கொடி கட்டிக் கொண்டாடினோம். மூப்பரை நினைத்தவர் எத்தனை பேர்? மூப்பர் என்றால் இப்போது பலருக்கும் திருவிழாக் கணக்குப் பார்ப்பவர் என்ற அளவில்தான் தெரிகிறது.

சிலோயேக்குத் திரும்புவோம். ஆளில்லாமல், பணமில்லாமல் கோவிலை எப்படித் திருத்தினர்? அங்கு மிங்கா என்றொரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பெரிய வேலையொன்று வந்தால் அயலவரைக் கேட்பார். அவர்கள் வந்து செய்து கொடுப்பர். அன்று வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பாடு போடுவார். இன்னொரு நாள் அவர்களது வேலைக்கு இவர் போவார். எமது வயல்களில் இன்றைக்கு அவர் வரம்பு, நாளைக்கு இவர் வரம்பு என்று மாறி மாறி இறங்கினோமே, அதே கணக்கு. கிழங்கு கிளறுவதும் மிங்கா, கோவில் கூரை மாற்றுவதும் மிங்கா. வீட்டையே இடம் மாற்றுவதும் மிங்காதான். நம்பக் கடினம், ஆனால் உண்மை. மரவீட்டைப் பிரிக்காமல் அப்படியே உருளை மரங்களின் மேல் ஏற்றி, பல சோடி எருதுகளைப் பூட்டி இழுப்பர். வேறு தீவுக்குப் போகவேண்டுமானால் வற்று நேரத்தில் கரையில் இறக்கி வைத்து, பெருக்குக்கு மிதந்ததும் படகு கட்டி இழுத்துச் செல்வர். அச்சாவோ மக்கள் பாதுகாவலியாகக் கொண்ட லொறேற்றோ மாதாவின் மரபும் ஒரு வீட்டைப் பற்றியதே. நாசரேத்திலிருந்த மாதாவின் வீட்டைச் சம்மனசுகள் தூக்கிவந்து இத்தாலியின் லொறேற்றோவில் வைத்தனர் என்பது பழைய பக்தி மரபு. இடிந்த வீட்டின் திறப்பை இன்னும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் எம் தாய்மாருக்கு, இடம்பெயர்ந்த வீட்டின் மாதாவை விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

இதையெல்லாம் சொல்லி அத்தீவைச் சுவர்க்கமாக்க நாம் விரும்பவில்லை. அங்கு சுதேச மக்களான உவிலிச்சே இனத்தவர் ஸ்பானிய நிலவுடைமையாளருக்குக் கட்டாய வேலை செய்தனர். கொடுமை தாங்காமல் 1712 இல் கிளர்ந்தெழுந்தனர், இரத்தத்தில் அடக்கப்பட்டனர். கட்டாய வேலை ஒழிய 1782 வரை சென்றது. ஆகவே முதற்கோவில்களின் தூண்களைத் தூக்கிய தோள்களெல்லாம் விருப்பத்துடன் தூக்கின என்று எம்மாற் சொல்ல முடியாது. திருச்சபையின் வரலாற்றை எழுதுபவர்கள் இவ்விடத்தில் விரைவாகக் கடந்துபோவதுண்டு. கடக்கக்கூடாது. ஆனால் அடிமைப்படுத்தப்பட்ட அதே மக்கள், பின்னர் அக்கோவிலைத் தமதாக்கிக் கொண்டனர். எப்படி? திருத்தியதால். ஒரு கப்பு உக்கினால் அந்தக் கப்பை மாற்றினர். தகடு பறந்தால் தகடு. ஒரு தலைமுறை முகப்பைப் பார்த்தது, இன்னொரு தலைமுறை கூரையைப் பார்த்தது. இன்று அச்சாவோவில் நிற்பதில் எந்தப் பலகை முதற்பலகை என்று தச்சரைத்தான் கேட்கவேண்டும். ஆனால் கோவில் அதே கோவில்.

எல்லாக் கோவில்களும் தப்பவில்லை. தீ, புயல், உக்கல், ஊர்விட்டுப் போன மக்கள் என்று காரணங்கள் பல. நூற்றுக்கு மேலிருந்தவற்றில் இன்று எஞ்சியவை ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். 1960 மே 22 இல் சிலியை உலுக்கிய நிலநடுக்கம் 9.5 அளவுடையது, கருவிகளில் பதிவானவற்றுள் அதுவே மிகப் பெரியது. அதன் கடற்கோள் சிலோயேயையும் தாக்கியது. கடற்கோள் என்றால் என்னவென்று 2004 மார்கழிக்குப் பின் எம்மவருக்குத் தெரியும். 2000 இல் யுனெஸ்கோ இக்கோவில்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இப்போது 16 கோவில்கள் அதில் உண்டு. அதனாற் பணமும் நிபுணரும் வந்தனர். நல்லதே. ஆனால் 1980 களிலிருந்து பெருகிய சல்மன் மீன் வளர்ப்புத் தொழிலில் இளைஞர் நாட்கூலிக்குப் போகத் தொடங்கினர். கையில் காசு வந்தது. மிங்காவுக்கு ஆள் குறைந்தது. 2007 இல் மீன்களுக்கு நோய் வந்து தொழில் சரிந்தபோது, கூலியும் போயிற்று.

கூலி பற்றிப் பேசவந்தால் எமது பிழையையும் சொல்லியாகவேண்டும். போருக்குப் பின் மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், காசுக்கு வேலை என்ற திட்டத்தை நாமும் கிராமங்களுக்குக் கொண்டு சென்றோம். பற்றை வெட்ட, கிணறு இறைக்க, ஒழுங்கை திருத்த நாட்சம்பளம் கொடுத்தோம். அன்றைக்கு அது தேவை. வெறுங்கையுடன் வந்த குடும்பத்துக்கு அரிசி வாங்கக் காசு வேண்டியிருந்தது. ஆனால் எப்போது நிறுத்துவது என்று நாம் யோசிக்கவில்லை. இரண்டு வருடங்களின் பின் ஒரு சிறுகுளத்தின் கட்டு உடைந்தது. சிரமதானத்துக்கு அழைத்தோம். நான்கு பேர் வந்தனர். அவர்களுள் ஓர் இளைஞன், "பாதர், ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டான். எமக்குக் கோபம் வந்தது. வீடு திரும்பிய பின்புதான் விளங்கியது, அந்தக் கேள்வியை அவனுக்குப் படிப்பித்தவர்கள் நாமே என்று. அவனுடைய தகப்பன் காலத்தில் அந்தக் குளக்கட்டுக்கு ஊரே மண் சுமந்தது.

ஆகவே கொட்டிலா, கொங்கிறீற்றா என்ற விவாதத்தில் நாம் மரத்தின் பக்கம் நிற்பதாக எவரும் எண்ணவேண்டாம். எமது மண்ணில் கறையான் மரத்தை விட்டுவைக்காது. காட்டில் மரம் தறிக்கவும் பனை தறிக்கவும் அனுமதி வேண்டும், அது நியாயமானதே. முதியவரின் கேள்வியிலும் நியாயம் உண்டு. தறப்பாளுக்குக் கீழும் கிடுகுக்குக் கீழும் ஆண்டுக்கணக்காக இருந்தவர்களுக்குச் சீமெந்துச் சுவர் என்பது வெறும் சுவரன்று. "இனி எங்களை எழுப்ப ஏலாது" என்ற சொல் அது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் சுவரின் கனம் எவரையும் காக்கவில்லையே! 1995 யூலை 9 இல் நவாலி ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோருக்கு நேர்ந்ததை எம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

எமக்குள்ள அச்சம் வேறு. பணம் வரும், ஒப்பந்தகாரர் வருவார், ஆறு மாதத்தில் கோவில் முடியும், ஆயர் வந்து திறந்து வைப்பார், கல்வெட்டில் கொடையாளர் பெயர் இருக்கும். அதன்பின் கூரை ஒழுகினால் கொடையாளருக்குக் கடிதம் எழுதுவோம். முப்பத்தைந்து குடும்பத்தில் ஒருவருக்கும் அந்தச் சுவரின் ஒரு கல்லையும் தொட்ட நினைவு இராது. இப்படிக் கட்டி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டிக்கிடக்கும் கோவில்கள் எமது பகுதியில் ஏற்கெனவே உண்டு. அவற்றுட் சிலவற்றுக்குக் கடிதம் எழுதியவர்களும் நாமே.

சிறிதாகக் கட்டுவோம் என்பதே எமது கருத்து. ஒரு பகுதி இந்த ஆண்டு, ஒரு பகுதி வெள்ளாமை வெட்டிய பின். மேசன் வேலைக்குக் கூலி கொடுப்போம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். மண் சுமக்கவும் கல் அடுக்கவும் ஊர் இறங்கட்டும், சமையல் ஒரே அடுப்பில் நடக்கட்டும். இரண்டாவது கோபுரத்துக்காக எழுத நினைத்த கடிதங்களை, அந்த ஒன்பது குடும்பங்களின் வயற்காணிக்காக எழுதுவோம். கோவிலுக்கு முன்னே வயலா என்று கேட்பவர்கள், இசிதோரைக் கோவிலுக்குள் வைத்தவர்களைக் கேட்கட்டும்.

சென்ற மாதம் அக்கிராமத்துக்கு மறுபடி போனோம். சிலோயேக் கதையைச் சொன்னோம். வீட்டை எருதால் இழுத்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தனர். முடிவில், "இந்தக் கோவில் திறப்பு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டோம். எல்லோரும் சிரித்துவிட்டனர். கொட்டிலுக்குக் கதவே இல்லை! ஆடு மாடு உள்ளே வராதபடி ஒரு படலைதான் சாத்திவைப்பது.

அன்று நீண்டநேரப் பேச்சின் பின், முதலில் ஒரு கதவு போடுவதென்று தீர்மானமாயிற்று. புதுக்கோவில் எழும்போது அதே கதவை அங்கு மாற்றிக் கொள்ளலாம். வேப்பம் பலகை ஒருவர் வளவில் அறுத்துக் கிடக்கிறது. தச்சுவேலை தெரிந்தவர் இருவர் ஊரில் உண்டு. கிடுகு மாற்றுவதும் அதே கிழமையில். திறப்பை வைத்திருக்கவும், குரு வராத ஞாயிறுகளில் மணியடித்துச் செபிப்பிக்கவும் இருவரைத் தெரிந்தனர். ஒருவர், கேள்வி கேட்ட அதே முதியவர். மற்றவர், முன்பள்ளியில் படிப்பிக்கும் ஓர் இளம்பெண். பெண்ணிடம் கோவில் திறப்பா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாய்மார் அதை அடக்கிவிட்டனர்.

கதவு வைகாசிக்கு முன் முடியும் என்கிறார்கள். இரண்டு கோபுர வரைபடம் எமது மேசை லாச்சியில் இருக்கிறது. அதைப்பற்றி இன்னும் பேசவேண்டியிருக்கிறது. முதியவர் எம்மை விடமாட்டார்.